தான்னியைச் சுற்ற வந்தவன்

மில்வார்டு துரை கைதேர்ந்த வியாபாரி. குலசேகரத்துக்கு மேலே நின்ற காட்டை அடியோடு வெட்டி விற்றுவிட்டு அந்த மண்ணில் ரப்பர் வைத்தார். வயதான பிறகு என்ன தோன்றியதோ, தான் வெட்டித் தள்ளிய மரங்களில் வகைக்கு ஒன்றாகத் தேடிப் பிடித்து ஒரு மலைச்சரிவில் நட்டு வேலி போட்டார். சரக்கையெல்லாம் விற்றுத் தீர்த்துவிட்டு, மாதிரிக்கு ஒன்றை மட்டும் எடுத்துக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் மாட்டிவைக்கும் கடைக்காரரின் பக்தி அது. இன்றைக்குச் சுற்றிலும் எங்கே பார்த்தாலும் ரப்பர். நடுவில் இந்த ஒரு சரிவில் மட்டும் கோங்கும் நாங்கும் வெள்ளைப்பயினும் பழைய பணக்காரர்களைப் போலத் தலை நிமிர்ந்து நிற்கின்றன. வாசல் போர்டில் தாவரவியல் பூங்கா என்று எழுதியிருக்கும். ஊரில் அதற்கு மில்லாட்டுத் தோட்டம் என்றுதான் பெயர்.

துரை கட்டிய மூன்று கட்டடங்களும் நிற்கின்றன. ஒன்று கண்ணாடி வீடு. அதன் கண்ணாடிகள் சீமையிலிருந்து கப்பலில் குளச்சலுக்கு வந்து, வள்ளத்தில் கரைசேர்ந்து, மாட்டுவண்டி வைக்கோலுக்குள் படுத்தபடி மலையேறியவை. உள்ளே ஆர்க்கிடுகள். இன்னொன்று பெரணி வீடு. பூக்காத பெரணிச் செடிகளுக்காகப் பாதி பூமிக்குள் இறங்கிய கல்குழி, எப்போதும் ஈரம், எப்போதும் பாசி வாசனை. மூன்றாவது உலர்செடி இல்லம். முழக்கணக்கில் தடித்த கல்சுவர், இரும்புக்கம்பி போட்ட சின்ன ஜன்னல்கள், ஒற்றைத் தேக்குக் கதவு. மலையில் ஒரு காலத்தில் இருந்த செடிகளெல்லாம் காய்ந்த இலையாகக் காகிதத்தில் ஒட்டப்பட்டு அலமாரி அலமாரியாக அங்கே படுத்திருக்கின்றன. பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் பாஷாணம் பூசினார்களாம். கரப்பான்பூச்சிகூட அந்த வாசலைத் தாண்டி யோசித்துத்தான் போகும்.

இத்தனைக்கும் பொறுப்பு ஜிஷா. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். அப்பா பேரம் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவள். பிறகு போய்ச் செடிகளில் டாக்டர் பட்டம் வாங்கினாள். வாசலில் டிக்கெட் கொடுப்பவள் வியாகுலம்மாள். குளச்சல்காரி. மீன் ஏலத்தில் நாற்பது ஆண்களின் சத்தத்துக்கு மேலே தன் சத்தத்தைப் போட்டுப் பழகிய தொண்டை. திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு வருகிறவர்கள் அவளிடம் வாய் கொடுத்துத் தப்பியதில்லை.

"இந்தக் கண்ணாடிய வள்ளத்தில இருந்து எறக்கினது எனக்க பாட்டனாக்கும். அப்பம் இதில எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, கேட்டியா டாக்டரம்மா?" என்பாள்.

"பங்கு உண்டும்னா ஒடஞ்ச கண்ணாடிய நீங்களே மாத்துங்க அக்கா."

"அது வேற கணக்கு பிள்ளே."

வியாகுலம்மாள் மலையேறியது மகனுக்காக. ஜெப்சனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளத்தில் கால் வைத்தாலே குடல் வெளியே வரும். ஆனால் அவன் விரல்களுக்கு ஆர்க்கிடு ஒத்துக்கொண்டது. தீக்குச்சி முனையில் பூம்பொடியை எடுத்து இன்னொரு பூவின் வாய்க்குள் வைக்கிற வேலை. மூச்சு வேகமாக விட்டால் பொடி பறந்துவிடும். காட்டில் இனி எங்கும் இல்லை என்று எழுதிவைத்திருந்த ஒரு வகையை அவன் அப்படித்தான் கண்ணாடிக் குப்பிக்குள் நூற்றுக்கணக்கில் முளைக்க வைத்திருந்தான். வந்து பார்த்த பெரிய ஆட்கள் அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "எனக்க பிள்ளைக்க கை நகைக்கடைத் தராசு," என்று வியாகுலம்மாள் ஊருக்கெல்லாம் சொன்னாள்.

தோட்டத்துக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பாறை உண்டு. அதைக் கல்குவாரி தங்கப்பன் வாங்கிப் போட்டிருந்தான். தோட்டம் அருகில் இருக்கும்வரை வெடி வைக்கக்கூடாது என்று கோர்ட்டுத் தடை. மழைக்காலம் முடிந்ததும் கோர்ட்டு அனுப்பும் ஆள் வந்து தோட்டத்தைப் பார்வையிடுவார் என்றிருந்தது. தங்கப்பனின் டிப்பர் லாரிகளை மேய்க்கும் ஆபேல் ஒருநாள் லட்டுப் பெட்டியோடு வந்தான்.

"மேடம், முதலாளி நல்லபடியாக்கும் கேக்கச் சொன்னாரு. பின்பக்கம் கொஞ்சம் விட்டுக் குடுத்தா போதும்."

"எங்கப்பா ஷீட்டு விக்கும்போதும் இப்படித்தான் லட்டோட வருவாங்க. வெல கொறச்சுக் கேக்கதுக்குத்தான் லட்டு," என்றாள் ஜிஷா.

ஆபேல் சிரித்தான். "தோட்டம் இருந்தாத்தானே மேடம் தடை?"

"லட்ட வெச்சிட்டுப் போலே. பேச்ச எடுத்துக்கிட்டுப் போ," என்றாள் வியாகுலம்மாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மழை கொட்டி வந்திருந்தவர்களெல்லாம் ஓடிப்போன பிறகு, நாலு பேர் வந்தார்கள். தலையில் ஹெல்மெட், கையில் வெட்டுக்கத்தி. ஜிஷா அன்றைக்கு நாகர்கோவில் போயிருந்தாள்.

"டிக்கெட் எடுக்காம எங்கலே போறிய?" என்று வியாகுலம்மாள் கேட்டு முடிப்பதற்குள் மேஜையோடு சேர்த்து அவளைக் கவிழ்த்தார்கள். மேஜை மார்பின்மேல் கிடக்க, கண்ணாடி உடையும் சத்தத்தை அவள் படுத்தபடியே கேட்டாள். கப்பல் ஏறி வந்ததெல்லாம் கலகலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் கோடாரி போல ஒரு கத்தி எங்கோ பச்சை மரத்தில் விழுந்து விழுந்து எழும் சத்தம். பிறகு ஜெப்சனின் குரல்.

அவள் மேஜையைப் புரட்டிவிட்டு ஓடிச்சேர்ந்தபோது, ஜெப்சன் முடியெல்லாம் கண்ணாடித்தூளோடு ஒருவனின் ஹெல்மெட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் குப்பிகள் நசுங்கிக் கிடந்தன. அப்போது அப்பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவன் ஓடிவந்தான். ஒரே வீச்சு. ஜெப்சன் கீழே விழுந்தான். அவன் வலது கை விழவில்லை. விரல்கள் ஹெல்மெட்டின் வாரைப் பிடித்தபடி அங்கேயே தொங்கின. ஹெல்மெட்காரன் அலறிக்கொண்டு அதை உதறினான். நாலு பேரும் வேலியைத் தாண்டி ரப்பருக்குள் மறைந்தார்கள்.

வியாகுலம்மாள் சேலைத் தலைப்பைக் கிழித்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். கையைப் பொறுக்கி டிக்கெட் பைக்குள் வைத்தாள். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி போகும்வரை ஒரு தொடையில் மகன் தலை, மறு தொடையில் பை. டாக்டர்கள் விடியும்வரை போராடினார்கள். கை ஒட்டவில்லை.

போலீஸ், குடித்துவிட்டு வந்த சுற்றுலாப் பயணிகள் தகராறு என்று எழுதிக்கொண்டது.

மூன்றாம் நாள் டாக்டர் ஜிஷாவைத் தனியே கூப்பிட்டார். வெட்டுப்பட்ட இடத்துக்கு மேலே ஜெப்சனின் தோல் கொப்புளித்துக் கறுத்திருக்கிறது. கத்தியில் ஏதும் ஆசிட் இருந்ததா என்று கேட்டார். ஜிஷா உடனே தோட்டத்துக்குத் திரும்பினாள். சரிவின் ஓரத்தில் தனியாகக் கம்பிவேலி போட்டு வைத்திருந்த மரம் பாதி வெட்டுப்பட்டு நின்றது. வெட்டுவாயில் வழிந்த பால் காய்ந்து தார் போலக் கறுத்திருந்தது. தொடாதே என்ற போர்டு முகம் குப்புறக் கிடந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் வியாகுலம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஜெப்சன வெட்டினவன் அதுக்கு முன்னால சேரு மரத்த வெட்டியிருக்கான். அதே கத்தி."

"அதென்ன சேரு?"

"அதுக்க பால் மேல பட்டா உடம்பு வெந்துபோவும். பழைய ஆளுவ அந்த மரத்துக்க நெழல்ல கூட நிக்கமாட்டாங்க. இவனுக்கு அது தெரியல்ல. ரப்பருக்கு நடுவில பிறந்து வளந்தவனாக்கும். மரத்தக் கொத்தினா பால் வரும், கையில பட்டா கைலியில தொடச்சிட்டுப் போவான். வேர்த்தா அதே கையால மூஞ்சியத் தொடப்பான். அவனுக்கு எல்லா மரமும் ரப்பர்."

"அப்பம் இப்ப அவனுக்க மூஞ்சி?"

"பலாக்காய் மாதிரி இருக்கும்."

வியாகுலம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஜிஷாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவானா?"

"போவான், ஊசி போடுவான். ஆனா வீட்டுல உள்ளவங்க அதோட விடமாட்டாங்க. சேரு கோவிச்சா தான்னி மரம்தான் சமாதானம் பேசணும்னு மலையில ஒரு முறை உண்டு. தான்னியச் சுத்தி வந்து, செய்த தப்பச் சொல்லி மாப்பு கேட்டு, அதுக்க பட்டைய அவிச்சுக் குளிக்கணும். இல்லேன்னா புண்ணு ஆறாதாம்."

"இந்தத் தான்னி எங்க நிக்கிது?"

ஜிஷா வாயை மூடிக்கொண்டாள். சரக்கைக் காட்டிய பிறகு விலை சொல்ல மறுக்கிற கடைக்காரியைப் போலத்தான் அது. ஊர்த் தான்னிகளெல்லாம் ரப்பருக்கு வழிவிட்டு விறகாகிப் போயிருந்தன. பக்கத்தில் மிஞ்சியது மில்லாட்டுத் தோட்டத்தின் மேற்கு மூலையில் நிற்கும் ஒன்றுதான். அதைச் சுற்ற வருகிறவர்களுக்குத் துரை காலத்திலிருந்தே தனியாக ஒரு சின்ன வாசல், டிக்கெட் கிடையாது. அந்த வாசலை வியாகுலம்மாள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். எதற்கென்று கேட்டதில்லை.

"நம்ம தோட்டத்திலயா?" என்றாள்.

"போலீஸ் பாத்துக்கும் அக்கா."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கு."

மறுநாளிலிருந்து வியாகுலம்மாள் தான்னி மரத்தடியில் ஒரு மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஈரச் சாக்கில் சுற்றிய கத்தி மடியில் கிடந்தது. சுறா அறுக்கிற கத்தி. ஜிஷா இரண்டு தடவை அதை வாங்கிப் போனாள்; இரண்டு தடவையும் வேறு கத்தி வந்தது. சேருத் தடியைத் தெரியாமல் சுமந்த ஒரு சுமைகூலிக் கிழவர் வந்தார். அரிப்போடு ஒரு பெண் வந்தாள். வியாகுலம்மாள் அவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், எப்போது பட்டது என்று ஏலக்காரன் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதைப் போலத் துருவினாள். சரியென்று பட்டதும் தானே பட்டை சீவிக் கொடுத்து அனுப்பினாள்.

பிறகு ஒரு மத்தியானம் மெலிந்த ஒருத்தி, தலையில் துவர்த்துத் துண்டு போட்ட ஒருவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். துவர்த்தை எடுத்ததும் ஈக்கள் எழுந்தன. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு. உதடு தடித்துத் தொங்கியது. காதோரம் நீர் வடிந்துகொண்டிருந்தது.

"தான்னிக்கா வந்திய?" என்றாள் வியாகுலம்மாள்.

"ஆமாக்கா. எனக்கு முத்துக்கனின்னு பேரு. இவன் எனக்க மவன் அனீஷு. பால் வெட்டப் போறவன். இந்தக் கோலத்தப் பாரு. மார்த்தாண்டத்தில ஊசி போட்டாச்சு. கண்ணு தொறக்க மாட்டேங்குது."

"எங்க வெச்சுப் பட்டுது?"

"வெறவு வெட்டப் போன எடத்தில."

"வெறவா? இஞ்ச ரப்பரத் தவிர என்ன எழவு இருக்கு வெட்டதுக்கு?"

"அம்மா, சுத்திட்டுப் போவோம்," என்றான் அனீஷ். இந்தப் பக்கம் வந்ததே அவனுக்குச் சம்மதமில்லை என்பது குரலில் தெரிந்தது.

"சும்மா சுத்தினா ஆறாது மக்கா. செய்ததச் சொல்லணும்," என்றாள் முத்துக்கனி. "மரத்துக்கிட்டத்தானே சொல்லப்போற. அது யாருகிட்ட போய்ப் பறயப்போவுது?"

அனீஷ் மரத்தில் கை வைத்துத் தடவிக்கொண்டே சுற்றினான். முதல் சுற்று வாய் திறக்கவில்லை. இரண்டாவதில் அழுதான். மூன்றாவதில் நின்று, நெற்றியை மரத்தில் சாய்த்துக்கொண்டான்.

"தான்னியே, மில்லாட்டுத் தோட்டத்து சேர வெட்டினது நானாக்கும். தெரியாம வெட்டினேன். ஆபேல் அண்ணன் பறஞ்சு வெட்டினேன். எனக்கு மாப்பு தா."

"சேர மட்டுந்தானா வெட்டின?" என்றது மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

அனீஷ் மரத்தை இறுகக் கட்டிக்கொண்டான். "ஒரு பையனுக்க கையும்," என்றான். "அவன் ஆபேல் அண்ணனப் பிடிச்சிட்டு விடல்ல. பயப்படுத்ததுக்காக்கும் ஓங்கினது..."

"என்னலே பறயிற?" என்றாள் முத்துக்கனி. "யாருக்க கையலே?"

"எனக்க மவனுக்க கை," என்றாள் வியாகுலம்மாள்.

அவள் அவன் காலை வாரினாள். அவன் மல்லாந்து விழுந்தான். அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, வலது கையை இழுத்து மரத்தின் வேரில் வைத்து அழுத்தினாள். சாக்கு அவிழ்ந்தது. முத்துக்கனி ஒரு நொடி நின்றாள். பிறகு பாய்ந்து வியாகுலம்மாளின் தோளில் பல்லை இறக்கினாள். வியாகுலம்மாள் கத்தியின் பிடியால் அவள் வாயில் அடித்தாள். முன்பல் ஒன்று தெறித்தது. முத்துக்கனி ரத்தம் துப்பிக்கொண்டு மறுபடி வந்து, மகனின் கைமேல் குப்புறப் படுத்தாள்.

"எனக்கத வெட்டுட்டி! ரெண்டையும் வெட்டு! அவனுக்கு இப்பமே கண்ணு இல்ல!"

"எந்திரி. இல்லேன்னா ரெண்டு பேருக்கதும் சேந்து போவும்."

சத்தம் கேட்டு ஜிஷா ஓடிவந்தாள். அழவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. மூச்சு வாங்க எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து, அப்பாவின் கடைக்குரலில் பேசினாள்.

"வெட்டினா ஒங்களுக்குக் கெடைக்கது ஒரு கை அக்கா. இவன் வாயத் தொறந்து கோர்ட்டுல சொன்னா ஆபேலும் தங்கப்பனும் மொத்தமா கெடைப்பாங்க. மொத்தமா எடுக்க வழியிருக்கும்போது என்னத்துக்கு சில்லறை வியாபாரம்?"

"கோர்ட்டுல மாத்திச் சொன்னா?"

"கத்தி ஒங்ககிட்டத்தானே இருக்கு."

வியாகுலம்மாள் யோசித்தாள். கத்தி மேலேயே நின்றது. பிறகு கையைத் திருப்பி, கத்தியின் முதுகால் அனீஷின் இடது தோளெலும்பில் ஓங்கிப் போட்டாள். காய்ந்த கமுகுமட்டை ஒடிவது போலச் சத்தம் கேட்டது. அவன் அலறினான்.

"இது அச்சாரம்," என்றாள்.

அடி விழுந்த நொடியில் முத்துக்கனி எழுந்து சின்ன வாசல் வழியாக ஓடிவிட்டாள். யாரைக் கூப்பிடுவது? போலீசைக் கூப்பிட்டால் மகன் உள்ளே போவான். மகனுக்கு வேலை கொடுத்தவர்கள்தான் அவளுக்குத் தெரிந்த பெரிய இடம். ரோட்டோரத்தில் நின்று போனில் ஆபேலை அழைத்து, பையனைத் தோட்டக்காரிகள் பிடித்து வைத்திருக்கிறார்கள், கோர்ட்டில் சொல்ல வைக்கப்போகிறார்களாம், ஓடி வா என்று கதறினாள். வாங்குகிறவன் யாரென்று பாராமல் விலை சொல்லிவிட்டாள்.

ஜிஷாவும் வியாகுலம்மாளும் அனீஷை இழுத்துக்கொண்டு போய் உலர்செடி இல்லத்துக்குள் போட்டுத் தேக்குக் கதவைத் தாழிட்டார்கள். ஜிஷா தோட்டத்து வழக்கை நடத்தும் மதுரை வக்கீலுக்கு போன் செய்தாள். அவர் மாவட்டத்துப் பெரிய போலீஸ் அதிகாரியிடமே பேசுவதாகச் சொன்னார். வண்டி வரும்வரை பையனை உயிரோடு வைத்திருங்கள் என்றார். வியாகுலம்மாளுக்கு அதைக் கேட்கக் கசந்தது.

வண்டி வந்தது. ஆனால் அது ஆபேலின் ஜீப்.

"லேய் அனீஷே!" கதவுக்கு வெளியே ஆபேலின் குரல் வெல்லமாக வழிந்தது. "பயப்படாதலே மக்கா. திருவனந்தவரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். முதலாளி சொல்லிட்டாரு. கதவத் தொறக்கச் சொல்லு."

அனீஷ் தரையில் ஊர்ந்து குரல் வந்த பக்கம் போனான். "அம்மச்சி, தொற. எனக்க ஆளுவ வந்தாச்சு. நான் போறேன்."

வியாகுலம்மாள் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். ஆபேல் கதவருகே சிரித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஒருவன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். மூன்றாமவன் ஜீப்பின் பின்பக்கத்தில் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தான், நாலு மூலையும் தொங்கும்படி, வெகு கவனமாக. ஏலக்கூடத்தில் ரத்தம் ஒழுகும் சரக்கு வரும்போது வண்டிக்காரர்கள் விரிப்பது அப்படித்தான். நோயாளிக்கு யாரும் தார்ப்பாய் விரிப்பதில்லை.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. தாழ்ப்பாளை நீக்கினால் போதும். அவள் கை அழுக்காகாது. கேசு கிடையாது. ஜெப்சனின் கைக்கு ஒரு முழு உயிர், அதுவும் சும்மா. இப்படியொரு விலை வாழ்நாளில் இன்னொரு தடவை வராது. அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். ஜிஷாவைப் பார்த்தாள். ஜிஷாவும் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். இந்தத் தடவை அவளிடம் பேரம் பேச ஒன்றும் இல்லை.

"தொற அம்மச்சி, ஒனக்குப் புண்ணியமா போவும்," என்று அனீஷ் அவள் காலைப் பிடித்தான்.

வெளியே முத்துக்கனியின் குரல் கேட்டது. "ஆபேலு, அது என்னத்துக்குப் பிள்ளே தார்ப்பாய்?" குரல் உயர்ந்தது. "பறயிலே, தார்ப்பாய் என்னத்துக்கு? இவன் கையில என்ன?" பிறகு ஒரே கூச்சல்: "மக்கா, வராதே! எனக்க மக்கா, தொறக்காதே!" நடுவில் ஒரு அடி விழுந்தது. தேங்காய் விழுவது போன்ற சத்தம். கூச்சல் நின்றது.

"அம்மா?" என்றான் அனீஷ்.

வியாகுலம்மாள் அவனை எட்டி உதைத்து அலமாரிக்குப் பின்னால் தள்ளினாள். "அங்கேயே கெடலே குருடா!" தாழ்ப்பாளை உருவினாள்.

"அக்கா!" என்றாள் ஜிஷா.

"கதவப் பிடி நீ."

கதவு ஒரு ஆள் அகலம் திறந்தது. படியிலேயே முத்துக்கனி கிடந்தாள். வியாகுலம்மாள் குனிந்து அவள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து, சுறாவை வள்ளத்தில் ஏற்றுவது போல ஒரே இழுப்பில் உள்ளே போட்டாள். அதற்குள் ஆபேலின் வெட்டுக்கத்தி வந்துவிட்டது. வியாகுலம்மாளின் காதில் பாதியையும் கழுத்தோரத்துச் சதையையும் சீவிக்கொண்டு போய்க் கதவுநிலையில் பதிந்தது. ஆபேல் கையை உள்ளே விட்டபடி அதை உருவப் பார்த்தான். ஜிஷா முழு உடம்போடும் கதவில் விழுந்தாள். வியாகுலம்மாளும் விழுந்தாள். தேக்கு கனமான மரம். உள்ளே எலும்பு முறியும் சத்தம் கேட்டது. ஆபேலின் கை முழங்கைவரை இடுக்கில் மாட்டிக்கொண்டு, பிடித்த கத்தியை விடாமல் துடித்தது.

வியாகுலம்மாள் தோளால் கதவைத் தாங்கிக்கொண்டே சுறாக்கத்தியை எடுத்தாள். ஒரு தடவை வெட்டினாள். போதவில்லை. இன்னொரு தடவை வெட்டினாள்.

ஜன்னல் கம்பிக்குள் ஒரு கடப்பாரை நுழைந்து நெம்பியது. ஜிஷா பக்கத்து அலமாரியைப் பிடித்து இழுத்து ஜன்னல்மேல் சாய்த்தாள். அலமாரிக் கதவுகள் திறந்து, நூறு வருஷத்து இலைகள் காகிதத்தோடு சரிந்து எல்லோர் மேலும் கொட்டின. தரையில் ரத்தம் பட்ட தாள்கள் ஒட்டிக்கொண்டன. ஜிஷா அவற்றை மிதித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணிலிருந்து நீர் வந்தது அப்போதுதான்.

வெளியே ஆபேல் கத்திய கத்தலில் மற்ற இருவருக்கும் வேலை அலுத்துவிட்டது. அவர்கள் கூலி பேசியது வெட்டுவதற்கு, வெட்டுப்படுவதற்கு அல்ல. ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. வியாகுலம்மாள் கதவைக் கொஞ்சம் நெகிழ்த்தினாள். ஆபேல் படியில் சரிந்து உட்கார்ந்து, இல்லாத கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். உள்ளே விழுந்த கை இலைகளுக்கு நடுவில் கிடந்தது. அது ஜெப்சனுக்குத் தேவையில்லாத கை என்று அவளுக்குத் தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"சாவ விடாதே," என்றாள் ஜிஷாவிடம். "அவனும் பேசணும்." ஜிஷா வெளியே போய்த் தன் துப்பட்டாவால் ஆபேலின் புஜத்தை இறுக்கிக் கட்டினாள்.

முத்துக்கனிக்கு மூச்சு இருந்தது. மண்டை பிளந்து ஒரு பக்க முடி நனைந்திருந்தது. வியாகுலம்மாள் செடி அழுத்தும் துணிகளை அள்ளி அவள் தலையில் வைத்துக் கட்டினாள். மீதியைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். முத்துக்கனி கண்ணைத் திறந்து, எதிரில் யாரென்று பார்த்து, மூட மறுத்தாள்.

"எனக்க பிள்ள?"

"இருக்கான். சாவல்ல."

அனீஷ் தடவித் தடவி வந்தான். அம்மாவின் முகத்தைத் தொட்டான், ரத்தத்தைத் தொட்டான். தார்ப்பாயைப் பற்றி அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு வியாகுலம்மாளின் மூச்சுச் சத்தம் வரும் பக்கமாகத் திரும்பி, வலது கையை நீட்டித் தரையில் வைத்தான்.

"எடுத்துக்க அம்மச்சி," என்றான். "இனி அம்மா தடுக்கமாட்டா."

முத்துக்கனி கண்ணை மூடிக்கொண்டாள்.

வியாகுலம்மாள் அந்தக் கையை எடுத்தாள். தோல் உரிந்து, கொப்புளம் உடைந்து, சீழ் ஒட்டியது. திருப்பிப் பார்த்தாள். பெருவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கி நிமிர்த்தினாள். எல்லாம் அசைந்தன. கீழே மலைப்பாதையில் போலீஸ் வண்டியின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"இப்பம் வேண்டாம், வெச்சிரு," என்றாள். "மாஜிஸ்திரேட்டு முன்னால கையெழுத்துப் போடணும் நீ. போட்டு முடி. அதுக்குப் பொறவு நாம பேசலாம்."

கையை அவன் மடியில் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.